கூரின்யாவில் குடிக்க வந்தவர்கள்

எங்கள் ஊர்த் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பூமிக்கு அடியில் வெகு ஆழத்திலிருந்து, மோட்டார் எதுவும் இல்லாமல், தன் அழுத்தத்திலேயே கொதிக்கக் கொதிக்க மேலே பீறிடும் தண்ணீர் அது. நேராகக் கையை நீட்டினால் தோல் வெந்துவிடும். பெரிய தொட்டியில் விட்டு ஆறவைத்த பிறகுதான் குழாய்க்கு வரும். தேநீர் போட்டால் மை மாதிரி கறுத்துப் போகும். குளித்தால் எத்தனை ஊற்றினாலும் சோப்பு போகாதது போல உடம்பு வழுவழுவென்றே இருக்கும். கூரின்யாவில் பிறந்தவர்கள் இதைக் குடித்தே வளர்ந்தோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு வருகிற எல்லா நோயும் எங்களுக்கும் வந்தது.

கிளெனிஸ் ஹாட்ரிக்கின் கணவன் ஆர்ச்சி வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்தான். அதற்குப் பிறகு, வீட்டு வண்டிகளில் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தித் தங்கும் கேரவன் பூங்காவை அவள் தனியாகத்தான் நடத்தினாள். சாலைக்கு இந்தப் பக்கம் என் பெட்ரோல் பங்க், அந்தப் பக்கம் அவள் பூங்கா. தொடர்ந்து மழை பொய்த்த வருடங்களில் அங்கே கேரவன்களை விடக் காக்காத்துவாக் கிளிகள்தான் அதிகம் தங்கின.

பிறகு ஒரு குளிர்காலத்தில், கடற்கரைப் பக்கத்து இளம்பெண் ஒருத்தி பூங்காவில் இருக்கிற வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்ந்து, தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டாள். இது இயற்கையான ஆல்கலைன் தண்ணீர், அமிலத்தை முறிக்கிற காரத் தண்ணீர், நகரத்தில் மெஷின் வாங்கித் தயாரிக்கிற சமாச்சாரம் இங்கே பூமியே கொடுக்கிறது என்றாள். அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. அடுத்த மாதமே தெற்கிலிருந்து வண்டிகள் வர ஆரம்பித்தன. கிளெனிஸ் வாசலில் ஒரு பலகை நட்டாள். 'உடம்பின் அமிலத்தைக் கழுவும் நீர்' என்று நீலத்தில் எழுதியிருந்தது.

நான் சாலையைக் கடந்து போய் அதைப் படித்தேன்.

"கிளெனிஸ், இதைக் குடிச்சா உள்ள இருக்கிற ஆசிட் எல்லாம் போயிடுமா?"

"உன் நாக்குல இருக்கிறது போகாது, லெஸ். அதுக்கு நீ வேற ஊரு பாக்கணும்."

"நெசமாவே நம்புறியா?"

"நான் நம்பணும்னு யாரு கேட்டா? வெறும் தண்ணி. வர்றாங்க, ஊறுறாங்க, குடிக்கிறாங்க, சந்தோஷமாப் போறாங்க. போகும்போது உன்கிட்டதான் டேங்க் நிரப்பிக்கிறாங்க. இதுல யாருக்கு என்ன கேடு?"

ஊரில் அதற்குப் பதில் வைத்திருந்தவள் ரோவினா ஒருத்திதான். எங்கள் சின்ன மருத்துவ நிலையத்தின் நர்ஸ். டாக்டர் மாதத்தில் சில நாள்தான் விமானத்தில் வந்து போவார், மற்ற நாளெல்லாம் அவள்தான் எல்லாம்.

"இதுவரைக்கும் கேடு இல்ல," என்றாள் ரோவினா. "மூட்டு வலிக்காரங்க வர்ற வரைக்கும் கேடு இல்ல. மாத்திரைய நிறுத்திட்டு ஒருத்தன் வருவான் பாரு, அன்னிக்குச் சொல்றேன்."

அடுத்த வருடக் குளிர்காலத்தில் டென்சில் கிராஃப்ட் வந்தார். உயரமானவர், அறுபதைத் தாண்டியவர், வெயிலில் பதப்பட்ட முகம். குரல் மட்டும் மிக மென்மையாக இருக்கும். தெற்கே பணக்காரர்களின் நீச்சல் குளங்களைப் பராமரிக்கிற தொழிலில் இருந்தவர். குளத்துத் தண்ணீரைச் சோதிக்கிற சின்னச் சின்னச் சொட்டுமருந்துப் பாட்டில்களை இன்னும் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். தண்ணீரில் விட்டால் அமிலத்துக்கு மஞ்சளாகும், காரத்துக்கு ரோஜா நிறமாகும்.

"வாழ்நாள் பூரா குளத்துக்குப் பாத்தேன். மனுஷனுக்குப் பாக்கணும்னு ரொம்ப லேட்டாதான் தோணுச்சு," என்பார்.

தினமும் காலையில் கேரவன்காரர்கள் சிறுநீரைச் சின்னக் கோப்பைகளில் எடுத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் வரிசையில் நின்றார்கள். அவர் ஒவ்வொன்றிலும் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பாதிரியார் மாதிரி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வார். ஒரு வாரம் தங்க வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்தார்கள். முன்னெல்லாம் கிட்டார் வாசித்துக்கொண்டு பீர் குடிப்பார்கள். டென்சில் வந்த பிறகு பூங்காவில் பேச்சுச் சத்தமே குறைந்துவிட்டது. இறைச்சி சுடும் வாசனை நின்றது. என் கடையில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்க வந்த ஓர் ஆள், அதைக் காகிதத்தில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் மறைத்து எடுத்துப் போனான்.

ஒருநாள் மாலை பப்பில் ரோவினா அவரை வம்புக்கு இழுத்தாள். ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தோம்.

"டென்சில், மனுஷன் வயித்துக்குள்ள இருக்கிறதே ஆசிட்தான். நீங்க எந்தத் தண்ணிய ஊத்தினாலும் அங்க போய்ச் சேர்ந்ததும் அதோட கதை முடிஞ்சுது. ரத்தத்தை நுரையீரலும் கிட்னியும் பாத்துக்குது. உங்க குழாய் பாத்துக்கல."

"நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன்மா," என்று டென்சில் ஒரு கிளாஸில் மழைத்தண்ணீரும் இன்னொன்றில் ஊர்த் தண்ணீரும் ஊற்றிச் சொட்டு விட்டார். ஒன்று மஞ்சளானது, ஒன்று அடர்ந்த ரோஜா நிறமானது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

ரோவினா சமையலறைக்குப் போய் ஆப்பச்சோடா டப்பாவைக் கொண்டுவந்தாள். மஞ்சள் கிளாஸில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். அதுவும் ரோஜாவானது.

"பாத்தீங்களா? கேக்குல போடுற சோடா. இதுக்கா ஆயிரம் கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?"

பப் முழுக்கச் சிரித்தது. ஆட்டம் முடிந்தது என்றே நினைத்தேன். டென்சிலும் சிரித்தார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது செத்த தண்ணி, சிஸ்டர். இது உயிரோட இருக்கிற தண்ணி. நிறம் ஒண்ணா இருக்கலாம். உயிர் ஒண்ணா?"

கேரவன்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

டாம்சினும் ஜாரட்டும் வந்தது அந்த நாட்களில்தான். இளம் ஜோடி, இருவருக்கும் முப்பது ஆகியிருக்காது. டாம்சினுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை நோய். உடம்பில் இன்சுலின் சுரக்கவே சுரக்காத வகை. ஊசி போட்டுப் போட்டு வயிற்றிலும் தொடையிலும் தோல் கட்டியாகிவிட்டது என்று கிளெனிஸிடம் சொல்லியிருக்கிறாள். முதல் நாள் என் பங்க்கில் வண்டியை நிறுத்தியபோது, கண்ணாடியை இறக்கி, "அந்தத் தண்ணி எங்க கிடைக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள். நல்ல துடிப்பான பெண். என் நாயின் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

டென்சில் அவளுக்குப் பச்சைக் காய்கறியும் தண்ணீரும் மட்டும் சொன்னார். ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் நின்றது. சாப்பாடு குறைந்ததால் சர்க்கரையும் குறைந்தது. இன்சுலினைக் குறைத்தாள். அப்போதும் தாங்கியது. இதெல்லாம் தண்ணீரின் வேலை என்று பூங்காவே கொண்டாடியது. அவளை நடுவில் உட்காரவைத்துக் கை தட்டினார்கள்.

கிளெனிஸ் அன்று மாலை என்னிடம் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"லெஸ், அந்தப் பொண்ணு ஊசிய மொத்தமா நிறுத்தப் போறாளாம்."

"ரோவினாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். அவ போய்ப் பேசினா. நர்ஸுன்னா மருந்துக் கம்பெனி ஆளுன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டாங்க. நான் போய் டென்சில்கிட்டச் சொல்லப் போறேன். நீ கூட வா."

போனோம். டென்சில் நாற்காலி போட்டு எங்களை உட்காரச் சொன்னார். ஏழெட்டுப் பேர் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

"இங்க பாருங்க," என்றாள் கிளெனிஸ். "அந்தப் பலகைய எழுதினது நான். வியாபாரத்துக்காக எழுதினேன். அதுல ஒண்ணும் இல்ல. என் வீட்டுக்காரர் பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு. வயித்துலயே புத்து வந்து செத்தாரு. போதுமா?"

டென்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் இறைச்சி சாப்பிடுவாரா, கிளெனிஸ்?"

"மாடு வளக்கிற ஊருல வேற என்ன சாப்பிடுவாங்க?"

"பீர்?"

"குடிப்பாரு."

"பாவம்," என்றார் டென்சில். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "இந்தத் தண்ணி மட்டும் இல்லேன்னா அவர் இன்னும் எவ்வளவு சீக்கிரம் போயிருப்பாரோ. உங்களுக்கு அத்தனை வருஷம் அவரக் குடுத்ததே இதுதான். அது உங்களுக்குத் தெரியல."

பின்னாலிருந்து ஒரு பெண் கிளெனிஸின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். கிளெனிஸ் எழுந்து வெளியே வந்துவிட்டாள். நேராகப் போய் வாசல் பலகையைப் பிடுங்கினாள். மண் இறுகிப்போயிருந்ததால் நானும் சேர்ந்து ஆட்டி எடுக்க வேண்டியிருந்தது. கேரவன்காரர்கள் திரைச்சீலையை விலக்கி வேடிக்கை பார்த்தார்கள். பலகை போனதால் ஒருவர்கூட ஊரை விட்டுப் போகவில்லை.

ஊசியை நிறுத்திய மறுநாள் டாம்சின் உற்சாகமாகவே இருந்தாள். அதற்கு அடுத்த நாள் தாகம் எடுக்க ஆரம்பித்தது. பாட்டிலை நிரப்பி நின்ற இடத்திலேயே குடித்து, மறுபடி நிரப்பினாள். குடிப்பதும் ஒதுங்குவதுமாக இருந்தாள்.

"ஒடம்பே கேட்டு வாங்குது பாருங்க," என்றார் டென்சில். அவள் சிறுநீரில் சொட்டு விட்டார். பளிச்சென்று மஞ்சள். எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். "இத்தனை வருஷம் உள்ள தேங்கிக் கிடந்த ஆசிட். இப்பதான் வெளிய வருது."

பிறகு வாந்தி. அதுவும் கழிவு வெளியேறுவதுதான் என்றார்கள். சுற்றி உட்கார்ந்து அவளுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் கொடுத்தார்கள். அன்பாகத்தான் கொடுத்தார்கள். தலையைத் தாங்கிப் பிடித்து, உதட்டைத் துடைத்து, டம்ளர் டம்ளராக ஊற்றினார்கள்.

காலையில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஜாரட் சாலையைக் கடந்து வந்தான். காலில் செருப்பில்லை.

"லெஸ், உங்ககிட்ட ஐஸ் இருக்கா? அவளுக்கு மூச்சு வாங்குது. ஓடிட்டு வந்த மாதிரி வாங்குது. படுத்துதான் இருக்கா."

"நர்ஸக் கூப்பிடு தம்பி."

"கூப்பிடக் கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் பண்ணிட்டேன்."

"நான் பண்ணலையே," என்று சொல்லி நான் போனை எடுத்தேன். அவன் தடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நாய் போய் அவனை முகர்ந்தது.

ரோவினா வருவதற்குள் கிளெனிஸும் நானும் கேரவனுக்குள் போய்விட்டோம். வாசலில் நின்ற இரண்டு ஆட்களை கிளெனிஸ் முழங்கையால் ஒதுக்கினாள். உள்ளே ஒரு வாடை. அழுகத் தொடங்கிய பேரிக்காய் மாதிரி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி ஒரு தித்திப்பான வாடை. டாம்சினின் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு கட்டை மாதிரி உலர்ந்திருந்தது. நெஞ்சு மட்டும் துருத்தி போல மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கிளெனிஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் திரும்பி, "தண்ணி," என்றாள்.

ரோவினா வாசலிலேயே அந்த வாடையைப் பிடித்துவிட்டாள். சர்க்கரையைச் சோதிக்கிற கருவி எண்ணைக் காட்டாமல், அளவுக்கு மேல் என்று மட்டும் சொன்னது. கையில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்தி, மூன்றாவது முறை முழங்கை மடிப்பில் கிடைத்தது. உப்புநீர் பாட்டிலை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போனைத் தோளில் இடுக்கி விமான டாக்டரிடம் பேசிக்கொண்டே இன்சுலினைக் கொடுத்தாள்.

டென்சில் படியில் நின்றார். "சிஸ்டர், கடைசிக் கட்டத்துல வந்து கெடுக்கறீங்க."

ரோவினா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதுல ஒண்ணு நெசம், டென்சில். இவ ரத்தம் ஆசிட்டாதான் ஆயிருக்கு. நெசமாவே ஆயிருக்கு. இன்சுலின் இல்லேன்னா ஒடம்பு கொழுப்பத் தின்னும், ஆசிட்டாகும். இந்த மூச்சு அதை வெளிய தள்ளப் பாக்குற மூச்சு. பூமிக்கு அடியில இருக்கிற தண்ணி பூராத்தையும் ஊத்தினாலும் இது நிக்காது. இந்தச் சின்ன ஊசிதான் நிறுத்தும். இப்ப வழிய விட்டு நில்லுங்க."

அவர் நகர்ந்தார். நடந்ததை எப்படிச் சொல்வது என்று அப்போதே யோசித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நானும் மறு முனையை ஜாரட்டும் பிடித்தோம். கேரவன்காரர்கள் வேலி ஓரமாக வரிசையாக நின்றார்கள். அவர்களில் சிலர் கையில் பாட்டில் இருந்தது. விமானம் கண்ணிலிருந்து மறையும் வரை யாரும் அசையவில்லை.

அன்று மாலையே கிளெனிஸ் எல்லோரையும் காலி செய்யச் சொன்னாள். டென்சில் அவளுக்கு நன்றி சொல்லி, தான் தங்கிய இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, மற்றவர்களோடு கிளம்பினார்.

டாம்சின் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சில நாள் மயக்கத்திலும் பல நாள் படுக்கையிலும் கிடந்து, எழுந்து வீட்டுக்குப் போனாள். செய்தி வந்த அன்று பப்பில் ரோவினாவுக்கு நாங்கள் எல்லோரும் பீர் வாங்கிக் கொடுத்தோம். கிளெனிஸ் பாட்டுக்கூடப் பாடினாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

டென்சில் போட்ட வீடியோவை முதலில் பார்த்தவள் ரோவினா. போனை என் கவுன்டரின் மேல் வைத்து ஓடவிட்டாள். டென்சிலும் டாம்சினும் ஒரு சோபாவில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அவள் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பார்க்க அழகாக இருந்தாள்.

"நான் சாகற நிலைமையில இருந்தேன்," என்றாள் டாம்சின். "அந்தச் சமயத்துல என் ஒடம்புல கூரின்யா தண்ணி மட்டும் இல்லேன்னா நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயே சேர்ந்திருக்க மாட்டேன். டாக்டருங்களே ஆச்சரியப்பட்டாங்க."

"ஆஸ்பத்திரியில முதல்ல என்ன ஏத்தினாங்க, கண்ணு?" என்று டென்சில் கேட்டார்.

"தண்ணி," என்று சிரித்தாள். "உப்புத் தண்ணி."

"பாத்தீங்களா," என்றார் அவர் கேமராவைப் பார்த்து. "கடைசியில அவங்களும் தண்ணிக்குத்தான் வந்தாங்க."

கிளெனிஸ் டாம்சினின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"கண்ணு, ஊசி போடுறியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"போடுறேன் கிளெனிஸ். கவலைப்படாதீங்க."

"வீடியோவுல அதச் சொல்லலியே?"

"சொன்னா ஜனங்க குழம்பிடுவாங்கன்னு டென்சில் சொன்னாரு. எப்படியும் கொஞ்ச நாளைக்குத்தானே. போன தடவை நான் அவசரப்பட்டுட்டேன். ஒடம்பு தயாராகல. இந்தத் தடவை மெதுவா நிறுத்தப் போறேன்."

"ஜாரட் எங்க? ஜாரட்கிட்டக் குடு."

"அவன் இப்ப இங்க இல்ல," என்றாள் டாம்சின். "அவனுக்கு நம்பிக்கை போயிடுச்சு," என்றாள். பிறகு நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு கிளெனிஸ் கூப்பிட்டபோதெல்லாம் அந்த நம்பர் எடுக்கப்படவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் கிளெனிஸ் பூங்காவைத் திறக்கவில்லை. வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறாள். ஆனால் ஆறவைக்கிற தொட்டியிலிருந்து வழிகிற வாய்க்கால் ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாகப் போகிறது. அது பொது நிலம். அங்கே வந்து இறங்குகிறார்கள். போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. மூட்டுவலிக்காரர்கள் இப்போது குறைவு. முடி கொட்டித் தலைக்குத் துணி சுற்றியவர்கள், சக்கர நாற்காலிகள், மஞ்சள் பாய்ந்த கண்கள். காலையில் கிளெனிஸ் நாற்காலி எடுத்துப்போய்ச் சாலையோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சொல்கிறாள். தன் கணவனைப் பற்றிச் சொல்கிறாள், பலகையைப் பற்றிச் சொல்கிறாள். பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் இறங்கி அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று தபால் லாரியில் ரோவினாவுக்குப் பெட்டிகள் வந்தன. அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை, நானும் கை கொடுத்தேன். எல்லாம் உப்புநீர்ப் பாட்டில்கள். ஒரு சின்னப் பெட்டியில் ஐஸ் வைத்து இன்சுலின்.

"இவ்வளவு எதுக்கு?"

"போன வருஷம் ஒருத்தி," என்றாள் ரோவினா. "இந்த வருஷம் எத்தனை பேரோ."

நாங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு நீண்ட வெள்ளைக் கேரவன் பங்க்கில் வந்து நின்றது. ஓட்டிவந்த பெண் கண்ணாடியை இறக்கினாள். பின்னிருக்கையில் யாரோ போர்வைக்குள் படுத்திருந்தார்கள். பெட்ரோல் வேண்டுமா என்று கேட்டேன்.

"அப்புறம் போட்டுக்கறேன். அம்மாவுக்கு ரொம்பத் தாகமா இருக்காம்," என்றாள் அவள். "வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

ரோவினா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பின்கதவை நோக்கி நடந்தாள்.